இரண்டு வளையலும் ஒரு மைக்கும்

ஆம்பூர் என்றதும் பிரியாணியை நினைப்பவர்கள் ஆண்பிள்ளைகள். நமக்கு அந்த ஊர் என்றால் செருப்பும் கைப்பையும்தான். என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் என்பதால் எனக்கு இரண்டிலுமே குறைவில்லை. ஆனால் போன தை மாதம் நான் அங்கே போய் இறங்கியபோது வீட்டில் பிரியாணி வாசனையும் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை. குழாயடியில் தங்கை கையெல்லாம் சோப்பைக் குழைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்தில் எங்கள் அம்மா போட்ட இரண்டு வளையல்கள், ஒவ்வொன்றும் இரண்டு பவுன். இருபத்து மூன்று வருஷமாகக் கழற்றாதவை. மணிக்கட்டைத் தாண்டி வருவேனா என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தன.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லேக்கா. பையனுக்கு ஸ்டூடியோ வைக்கணுமாம். பாங்கிலே வெச்சுட்டு அப்புறமா மீட்டுக்கலாம்னு..."

பையன் பி.காம். முடித்தவன். கீபோர்டு நன்றாக வாசிப்பான். மாடி அறையில் ஒலிப்பதிவுக் கூடம் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை அசட்டு ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் வந்தால் தேவாலயப் பாடகர் குழுக்கள் பாட்டுப் பதிவு செய்கிறார்கள். இஸ்லாமிய பக்திப் பாடல் பாடுகிறவர்களுக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வாழ்த்து, குறும்படத்துக்குக் குரல் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். பேர்ணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இருப்பவர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம் அல்லவா?

ஆசையில் கோளாறு இல்லை. கோளாறு பட்டியலில் இருந்தது. சென்னையில் ஒரு பெரிய கடையிலிருந்து வந்த பட்டியல், மூன்று பக்கம். பதினாறு பேர் ஒரே சமயத்தில் பாடினாலும் வாங்கிக்கொள்ளும் மிக்ஸர், தங்க முலாம் பூசிய ஒயர்கள், சுவரில் ஒட்ட நாற்பத்தெட்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள், பெயரைப் படிக்கவே மூச்சு வாங்கும் ஒரு மைக். மொத்தம் ரூ. 2,35,000.

"ரஹ்மானோட அம்மா நகையை அடகு வெச்சுத்தானே மெஷின் வாங்கிக் கொடுத்தாங்க?" என்றாள் தங்கை.

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? வாஸ்தவம்தான். பதில் சொன்னவர் அவளுடைய மாமனார், என் சம்பந்தி மாமா. "ஒரு தடவை நேரிலே போய்ப் பார்த்துட்டு வரலாம். அதுக்கப்புறம் வளையலைக் கழட்டும்மா. சோப்பு எங்கேயும் ஓடிடாது" என்றார்.

சம்பந்தி மாமாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு மைக்கும் தெரியாது, மிக்ஸரும் தெரியாது. நாற்பது வருஷம் தோலைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய வட்டாரம் முழுவதும் இந்தத் தொழிலில் பிழைக்கிறது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. எதனால் பதனிட்டாலும், கடைசியில் ஒரு மனிதர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு தோலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது கழிவு என்று அடுக்க வேண்டும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், மாட்டுக்குப் போட்ட சூடு, உரித்தவன் கத்தி பட்ட வெட்டு எல்லாவற்றையும் விரல் நுனியாலேயே படித்துவிடுவார்கள். அந்த மேஜையில் ஒரு தோல் ஒரு படி மேலே ஏறினால் வாங்குபவருக்கு நஷ்டம். ஒரு படி இறங்கினால் முதலாளிக்கு நஷ்டம்.

"மேல்புறத்தைப் பார்த்து ஏமாறாதீங்க" என்பார் மாமா. தழும்பு நிறைந்த தோலை எமரித் தாளால் தேய்த்து, சாயப்பூச்சு கொடுத்து, சூடான தகட்டில் வைத்து அழுத்தினால், அசல் தோலில் இருக்கும் ரேகை மாதிரியே ஒரு ரேகை விழுந்துவிடும். பளபளவென்று இருக்கும். முதல் தரத் தோலைவிடவும் இதுதான் பார்வைக்கு அழகு! தோலைத் திருப்பிச் சதைப்புறத்தைப் பார்த்தால்தான் கத்தி வெட்டு தெரியும். "அப்படிச் செய்யறது குத்தமில்லே. அதுவும் ஒரு சரக்கு. அந்த விலைக்கு அந்தச் சரக்கு. செஞ்சிருக்குன்னு சொல்லாம விக்கறதுதான் குத்தம்" என்பது அவர் கட்சி.

மறுநாள் பையன், மாமா, நான் மூவரும் ரயிலேறினோம். தங்கை வரவில்லை. வளையல் மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

கடை பிரமாதம். குளிர்சாதனம், காப்பி, மெத்தை நாற்காலி. விற்பனைக்கார இளைஞர் மகா மரியாதைக்காரர். இரண்டு மைக்குகளை வைத்து, பையனையே பாடச் சொல்லிப் பதிவு செய்தார். முதலில் எட்டாயிரம் ரூபாய் மைக்கில் பதிந்ததைப் போட்டார். பிறகு நாற்பதாயிரம் ரூபாய் மைக்கில் பதிந்ததைப் போட்டார். அடாடா! இரண்டாவதில் பையனின் குரல் சபாவில் ஒலிப்பதுபோல் இருந்தது. நானே என் கைப்பையைத் திறந்திருப்பேன்.

மாமா மட்டும் அசையவில்லை. "தம்பி, இரண்டாவது கொஞ்சம் சத்தமா இருக்கே. ரெண்டையும் ஒரே சத்தத்திலே வெச்சுப் போடுங்க" என்றார்.

இளைஞர் ஒரு கணம் தயங்கினார். பிறகு போட்டார். நாங்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். எது எட்டு, எது நாற்பது என்று எனக்குத் தெரியவில்லை. சங்கீதம் தெரிந்த பையனும் ஒரு முறை சரியாகச் சொன்னான், ஒரு முறை தப்பாகச் சொன்னான்.

இது மனிதக் காதின் பலவீனம். ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டால், சற்று உரக்க ஒலிப்பதே நமக்கு இனிமையாகத் தோன்றும். ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். புடவைக் கடை விளக்கு மாதிரிதான். கடைக்குள் மயில் கழுத்து நிறமாக இருந்த பட்டு, வாசலுக்குக் கொண்டுவந்தால் பாசி நிறமாக மாறுவதை நாம் பார்த்ததில்லையா? அதனால்தானே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம்? ஒலிக்கு அப்படி ஒரு வாசல்படி இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது எண்கள். "இந்த மெஷின் 192 கிலோ ஹெர்ட்ஸ் சார்" என்றார் இளைஞர். எண் பெரிதாக இருந்தால் நமக்கு ஒரு பக்தி வந்துவிடுகிறது. விஷயம் இதுதான். ஓசையைக் கணினியில் பதிவு செய்வதென்றால் அதை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மனிதக் காது கேட்பது வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை. அதற்கு இரண்டு பங்குக்குச் சற்று மேலே அளந்தால் போதும் என்பது கணக்கு. 1982-ல் கடைக்கு வந்த சி.டி. இசைத்தட்டுக்கு வினாடிக்கு 44,100 தடவை என்று வைத்தார்கள். அதைக் கேட்டுத்தானே உலகமே சொக்கிப் போயிற்று? 1,92,000 தடவை அளப்பதால் சில நுட்பமான வேலைகளுக்கு உபயோகம் உண்டு. மாடி அறையில் முதல் பாட்டைப் பதிவு செய்யப் போகிற பையனுக்கு அதனால் கணினியில் இடம் நிறையும், அவ்வளவுதான்.

எண்ணைக் காட்டி விற்பது புதிய வித்தையும் அல்ல. 1980-களிலும் 90-களிலும் வந்த டேப் ரிக்கார்டர்களில் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்ததும், பக்கத்திலேயே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான ஒரு கணத்தில் எட்டக்கூடியதாகச் சொன்ன கணக்கு அது. அளப்பதற்குப் பொதுவான விதி ஒன்றும் கிடையாது. நின்று ஒலிக்கும் சக்தி அதில் ஒரு சிறு துளிதான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. இரண்டாயிரம் வாட் பெட்டி, மின்விசிறியை விடக் குறைவாகக் கரண்டு தின்றது!

ஸ்பாஞ்சுத் துண்டு விவகாரம்தான் எனக்கு மிகவும் கோபத்தை மூட்டியது. "இதை ஒட்டினால் வெளிச் சத்தம் உள்ளே வராது" என்றார் இளைஞர். அது அறைக்குள் எழும் எதிரொலியை, அதிலும் மேல் ஸ்தாயி ஓசைகளின் எதிரொலியை, கொஞ்சம் உறிஞ்சும். வெளியிலிருந்து வரும் ரயில் சத்தத்தைத் தடுக்காது. அதைத் தடுக்கக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவும் வேண்டும். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? முதலாளி எழுந்து உள்ளே போன சமயம் பார்த்து அவரே மெதுவாகச் சொன்னார்: "மாசக் கடைசி சார். டார்கெட் இன்னும் பாதிகூட முடியலே. சில சரக்கு வித்தா கம்பெனிக்காரங்க தனியாக் கொடுக்கறாங்க." அந்தப் பிள்ளைக்கும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் ஒரு அம்மா இருப்பாள். என் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது.

யந்திரம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடக்கும் இந்த மல்யுத்தம் நம் தேசத்தில் பேசும் படம் வந்த நாளிலேயே ஆரம்பமாகிவிட்டது. முதல் இந்தியப் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14-ந் தேதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியாயிற்று. அதற்காக அர்தேஷிர் இரானி அமெரிக்காவிலிருந்து டானார் என்ற ஒலிப்பதிவு யந்திரத்தை வரவழைத்தார். அதைப் பூட்டிக் கொடுக்க வில்ஃபோர்ட் டெமிங் என்ற நிபுணரும் வந்தார். அவருக்குத் தினசரிச் சம்பளம் 100 ரூபாய். அந்த நாளைய 100 ரூபாய்! கட்டுப்படியாகவில்லை என்று இரானி தாமே உதவியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு வேலையைக் கற்றுச் செய்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவுக்கு அருகில் ரயில் பாதை இருந்தது. ரயில் ஓயும் நள்ளிரவுக்குப் பிறகுதான் பெரும்பாலும் படப்பிடிப்பு. ஸ்பாஞ்சை ஒட்டி ரயிலை நிறுத்தலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நம் சென்னையில் 1934-ல் ஏ. நாராயணன் 'ஸ்ரீநிவாஸா சினிடோன்' ஸ்டூடியோவைத் தொடங்கி 'ஸ்ரீநிவாச கல்யாணம்' எடுத்தார். சென்னையிலேயே தயாரான முதல் பேசும் படம் அதுதான். ஒலிப்பதிவு செய்தவர் யார் தெரியுமா? அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். நாட்டின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அவரைத்தான் சொல்கிறார்கள். யந்திரம் பெண்களுக்குப் புரியாது என்று எந்தக் கடைக்காரராவது உங்களிடம் ஆரம்பித்தால், இந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பாருங்கள்.

இனி ரஹ்மான் அவர்களின் தாயார் விஷயத்துக்கு வருகிறேன். தங்கை அதைத்தானே பிடித்துக்கொண்டிருந்தாள்? இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976-ல் காலமானபோது மகனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை ஓட்டினார் கரீமா பேகம். கருவிகளை விற்றுவிட்டு வட்டியில் காலம் தள்ளலாமே என்று யோசனை சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. 1989-ல் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறம் மகன் ஸ்டூடியோ அமைத்தபோது அறையில் ஏ.சி. இருந்தது, கம்பளம் இருந்தது, அலமாரி இருந்தது, யந்திரம்தான் இல்லை. தாயார் நகையைக் கொடுத்தார், அதில் முதல் ஒலிப்பதிவு யந்திரம் வந்தது என்று ரஹ்மானே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1992-ல் 'ரோஜா' வந்தது. தாயார் 2020 டிசம்பர் வரை இருந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார்.

இந்தக் கதையைக் கேட்டு வளையலைக் கழற்றும் தாய்மார் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தப் பையன் சிறு வயதிலிருந்தே பெரிய இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்துப் பல ஒலிப்பதிவுக் கூடங்களைப் பார்த்தவன். தனக்கு எந்த யந்திரம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். நகை அதற்குத்தான் போயிற்று, கடைக்காரர் எழுதிக்கொடுத்த மூன்று பக்கப் பட்டியலுக்கு அல்ல.

நாங்கள் அந்தக் கடையில் ஒன்றும் வாங்கவில்லை. காப்பி குடித்த கடன் மட்டும் உறுத்தியது. சாயங்காலம் இன்னொரு சிறிய கடைக்குப் போனோம். கணவர் எங்கோ வேலையாகப் போயிருக்க, நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பையன் பட்டியலை நீட்டினான். அவர் அதைப் படிக்கவே இல்லை.

"எந்த ரூம்ல வைக்கப் போறீங்க தம்பி?"

"மாடி ரூம்ல மேடம்."

"பக்கத்திலே என்ன இருக்கு?"

பையன் சொன்னான். சென்னை-ஜோலார்பேட்டை ரயில் பாதை கூப்பிடு தூரத்தில். ஒரு தெரு தள்ளி நெடுஞ்சாலை. பக்கத்துத் தெருவில் தோலைப் புரட்டும் பெரிய மர உருளை சுற்றும் சத்தம். கீழே அம்மாவின் குக்கர்.

"இந்தப் பெரிய மைக் எல்லாத்தையும் பிடிக்கும். குக்கர் விசிலையும் சேர்த்துப் பிடிக்கும். இப்ப ஒண்ணும் வாங்காதீங்க. ஒரு வாரம் அந்த ரூம்ல போன்லேயே பதிவு பண்ணிக் கேளுங்க. எது தொந்தரவுன்னு தெரிஞ்சதும் வாங்க" என்றார் அந்த அம்மாள்.

மாமா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! நல்ல தோலை விரலால் தடவிப் பார்க்கும்போது அவர் முகத்தில் வரும் அதே களை. கடையை விட்டு இறங்கியதும், "இந்தம்மா சதைப்புறத்தைத் திருப்பிக் காட்டிட்டாங்க" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவரைச் சீண்டிப் பார்த்தேன். "தோல் வியாபாரம் மட்டும் யோக்கியமாக்கும்?" என்றேன். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாலாற்றைக் காட்டினார். வெறும் மணல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது, கழிவு நீரைச் சுத்தம் செய்யாத ஆலைகளை மூடச் சொன்னது. "ஒவ்வொரு தோலையும் திருப்பிப் பார்த்தேன். இந்தத் தண்ணியைத் திருப்பிப் பார்க்கலே. வாங்கினவங்க யாரும் கேட்கலே, நாங்களும் சொல்லலே" என்றார். அப்புறம் காட்பாடி வரும் வரை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு வேடிக்கை. பையனின் சிநேகிதன் ஒருவன், மேடைப் பாடகர்கள் கையில் நாம் எப்போதும் பார்க்கும் ஷூர் எஸ்.எம். 58 மைக்கைப் பாதி விலைக்கு எங்கேயோ வாங்கி வைத்திருந்தான். 1966-ல் சந்தைக்கு வந்தது முதல் மாறாமல் விற்கும் சரக்கு. அதனாலேயே உலகமெங்கும் அதற்குப் போலிகளும் ஏராளம். ஒயரைக் கழற்றிவிட்டால் அசல் மைக் 298 கிராம் இருக்க வேண்டும். தங்கையின் சமையலறைத் தராசில் வைத்தோம். 241 காட்டியது. எடை சரியாக இருப்பதால் மட்டும் அசலாகிவிடாது என்பது வேறு விஷயம். எடை இத்தனை குறைந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. சிநேகிதன் ரசீது வாங்கவில்லை. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம் என்றார்களாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது கொடுக்க மறுப்பதே முறையற்ற வாணிபம். பழுதான சரக்கை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. "தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது" என்று யாராவது பயமுறுத்தலாம். சுயதொழில் செய்து தன் ஜீவனத்துக்காகவே வாங்கியதென்றால் செல்லும். ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கு வரை மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். யோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் படி அந்த ரசீதுத் துண்டுதான்.

ஒரு வாரம் பையன் மாடியில் போனை வைத்துப் பதிவு செய்தான். ரயில், லாரி, உருளை, குக்கர் எல்லாம் தனித்தனியே கேட்டது. எப்போது எது ஓய்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டான். ஜன்னலுக்குக் கனமான ஜமக்காளம் இரண்டு தொங்கின. பழைய இலவம்பஞ்சு மெத்தை சுவரோரம் நின்றது. பிறகு அந்த அம்மாளின் கடைக்கே போய், பாடுபவர் வாயருகே வைத்துக்கொள்ளும் சாதாரண மைக் ஒன்று, கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி ஒன்று, காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தான். ரசீதோடு முப்பத்தோராயிரம் ரூபாய். மாமாவும் தங்கை கணவரும் ஆளுக்குப் பாதி போட்டார்கள்.

மாசி மாதம் முதல் பதிவு. பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேர் நலுங்குப் பாட்டுப் பாட வந்திருந்தார்கள். தங்கையும் உடன் பாடினாள். இரவு பதினொன்றரை மணி, ரயில் இல்லாத நேரம். குக்கருக்கும் ஓய்வு. முதல் தடவை பாடி முடித்ததும் பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். முகம் சுருங்கிற்று. மறுபடியும் பாடச் சொன்னான். மறுபடியும் சுருங்கிற்று.

"அம்மா, தாளம் போடறப்போ கிணுகிணுன்னு கேட்குது. அந்த வளையலைக் கொஞ்சம் கழட்டி வையேன்" என்றான்.

தங்கை சோப்பைத் தேடிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.